தாயையும் தகப்பனையும் உள்ளே அழைத்தவர்

(மாற்கு 5: 21–43)



கடற்கரையில் நிற்கும் ஆண்டவரிடம் ஒரு தகப்பன் வருகிறான். அவன் பெயர் யாயீர். செபக்கூடத்துத் தலைவர்களுள் ஒருவன். ஊரிலே பெரிய மனிதன். பலர் அவனுடைய வாசலில் காத்து நின்றிருப்பார்கள். ஆனால் அன்று அவன் பெரியவனாக வரவில்லை. பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள் என்ற ஒரே நினைவோடு வந்து, அத்தனை பேருக்கும் முன்பாக ஆண்டவருடைய பாதத்தில் விழுகிறான். பிள்ளைக்கு நோய் என்றால் பதவி ஏது, கௌரவம் ஏது? தகப்பன் தகப்பன்தான்.

இந்தச் சுவிசேஷப் பகுதியைக் கோயிலில் கேட்கும்போது, செத்த பிள்ளை உயிரோடு எழுந்தாள் என்ற முடிவுக்கே நம்முடைய மனம் விரைந்து ஓடிவிடுகிறது. அந்தப் புதுமையைச் சுற்றி ஆண்டவர் செய்த மூன்று சிறிய காரியங்களை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முதலாவது, அவர் அந்தத் தகப்பனோடு கூட நடந்து போனார். இரண்டாவது, வீட்டிலே கூச்சலிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளையின் தாயையும் தகப்பனையும் அவள் கிடந்த இடத்துக்குள் அழைத்துச் சென்றார். மூன்றாவது, பிள்ளை எழுந்து நடந்தவுடன், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி சொன்னார்.

இறந்தோரை எழுப்பும் வல்லமை நமக்கு இல்லை. ஆனால் இந்த மூன்று காரியங்களையும் செய்வதற்குப் புதுமை செய்யும் வரம் வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும். ஆகவே, நோயுற்ற ஒரு பிள்ளையின் வீட்டுக்கு முன்னால், "எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று கைவிரித்து நிற்கக் கிறீஸ்தவர்களாகிய நமக்கு உரிமை கிடையாது.

கூட நடப்பது

பாப்பாமோட்டையிலே ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, காடாகிப்போன வளவைத் துப்புரவாக்கி மறுபடியும் எழுப்பிய வீடு. அங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். முழங்கால் மூட்டு வீங்கியிருக்கிறது. ஓடி விளையாடினால் மூச்சு வாங்குகிறது. மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். வைத்தியர் நெஞ்சிலே குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, "இருதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது. கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கவேண்டும்" என்கிறார்.

அந்த நிமிடத்தோடு அந்த வீடு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. தாய் பிள்ளையோடு போகவேண்டும். தகப்பன் போவதா, நிற்பதா? போனால் வீட்டிலே உள்ள மற்ற இரண்டு பிள்ளைகளையும் யார் பார்ப்பது? வயலுக்கு யார் தண்ணீர் கட்டுவது? நின்றால், அறியாத பட்டினத்திலே, தெரியாத பாஷைக்கு நடுவிலே, அவள் தனியே என்ன செய்வாள்? கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர். தூரத்தைப் பஸ்ஸும் ரெயிலும் கடந்துவிடும். பயத்தைக் கடப்பதற்கு மனிதர் வேண்டும்.

நம்முடைய நாட்டிலே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியத்துக்குக் கட்டணம் இல்லை. இது சாதாரண காரியமல்ல. செல்வம் மிக்க பல நாடுகளிலும் ஏழைக்குக் கிடைக்காத பேறு. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் காசு கேளாமல் அம்புலன்ஸ் வருகிறது. கொழும்பு பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை 1895ஆம் ஆண்டிலே தொடங்கியது. இன்று 900க்கும் மேற்பட்ட கட்டில்களோடு, தீவின் எல்லாத் திக்கிலிருந்தும் வரும் பிள்ளைகளை அது ஏற்றுக்கொள்கிறது. அங்கே உழைக்கும் வைத்தியர்களையும் தாதியர்களையும், கூட்டித் துடைக்கும் சிற்றூழியர்களையும் நாம் நமது செபங்களிலே நினைத்தல் கடமை. 2022ஆம் ஆண்டு நாடு நெருக்கடியிலே தவித்தபோது, மருந்துத் தட்டுப்பாட்டுக்கு நடுவிலும் நோயாளிகளை விட்டுப் போகாமல் நின்றவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான்.

ஆனாலும், கட்டணம் இல்லை என்பதனால் செலவு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பஸ் காசு இருக்கிறது. துணைக்குப் போனவருடைய சாப்பாட்டுக் காசு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தகப்பன் உழைக்காத நாட்கள் இருக்கின்றன. நாட்கூலிக்குப் போகிறவனுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒவ்வொரு நாளும் அடுப்பு எரியாத நாள். வெட்கத்தினால் இதை வெளியே சொல்லாத குடும்பங்கள் எத்தனை! நகையை அடகு வைத்தது ஊருக்குத் தெரியாது; மீட்க முடியாமற் போனது வீட்டுக்கு மட்டுந்தான் தெரியும்.

இங்கேதான் ஆண்டவர் நமக்கு வழி காட்டுகிறார். யாயீர் கேட்டபோது அவர், "நீ போ, நான் பிறகு வருகிறேன்" என்று சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லியே குணமாக்கியிருக்கலாம். நூற்றுவர் தலைவனுடைய ஊழியனை அப்படித்தான் குணமாக்கினார். ஆனால் இந்தத் தகப்பனோடு அவர் நடந்தே போகிறார். சில துயரங்களுக்கு வார்த்தை போதாது, கூட வரும் கால்கள் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வழியிலே இன்னொன்று நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நோயினால் வருந்திய ஒரு பெண் அவருடைய ஆடையைத் தொட்டாள், ஆண்டவர் நின்றுவிட்டார். யாயீருடைய நிலையை எண்ணிப் பாருங்கள். மகள் சாகப் போகிறாள். ஆண்டவரோ வேறொருத்தியோடு பேசிக்கொண்டிருக்கிறார்! ஆஸ்பத்திரி வாங்கிலே காத்திருக்கும் பெற்றோருக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். முந்தி வந்தது நாங்கள், இப்போது வந்த பிள்ளையை முதலில் உள்ளே கொண்டு போகிறார்களே என்று மனம் கொதிக்கும். ஆயினும் யாயீர் முறுமுறுத்ததாகச் சுவிசேஷத்திலே ஒரு சொல் இல்லை. மற்றவளும் ஒரு தகப்பனுக்குப் பிள்ளை அல்லவா? சிறுவர் ஆஸ்பத்திரியிலே நாம் கற்கவேண்டிய முதற் பாடம் இது: என் பிள்ளையின் உயிரைப் போலவே அடுத்த கட்டிலில் கிடக்கும் பிள்ளையின் உயிரும் ஆண்டவருக்கு அருமையானது.

உள்ளே அழைப்பது

இனி இரண்டாவது காரியத்துக்கு வருவோம். வீட்டிலே அழுகையும் ஓலமும். பிள்ளை நித்திரையாயிருக்கிறாள் என்று ஆண்டவர் சொன்னபோது சிரித்தவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தாயையும் தகப்பனையும் தம்முடைய மூன்று சீடர்களையும் மட்டும் உள்ளே அழைத்துச் செல்கிறார். பிள்ளை கண் விழிக்கும்போது முதலிலே காணவேண்டியது தெரிந்த முகங்களை என்பதை அவர் அறியாதவரா?

இந்தச் சிறு காரியத்தை உலகம் கற்றுக்கொள்ள வெகுகாலம் எடுத்தது. பிள்ளைகளுக்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி 1802ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே திறக்கப்பட்டது. இலண்டனிலே கிரேட் ஓர்மண்ட் வீதியில் வைத்தியர் சார்ள்ஸ் வெஸ்ட் 1852ஆம் ஆண்டு பத்துக் கட்டில்களோடு ஒன்றைத் தொடங்கினார். வைத்தியம் வளர்ந்தது, சுத்தம் வளர்ந்தது, ஒழுங்கு வளர்ந்தது. ஆனால் அந்த ஒழுங்கின் பெயராலே பெற்றோர் வாசலிலே நிறுத்தப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் இங்கிலாந்தின் பல ஆஸ்பத்திரிகளில், வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டுமே தாய் தன் பிள்ளையைப் பார்க்கலாம். சில இடங்களில் அதுவும் இல்லை. தாய் வந்து போனால் பிள்ளை அழுகிறது. வராவிட்டால் பேசாமல் இருக்கிறது. ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்று நினைத்தார்கள்.

1952ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர் ஒரு திரைப்படம் எடுத்தார். நடிகர் இல்லை, கதை இல்லை. சத்திர சிகிச்சைக்காக எட்டு நாட்கள் ஆஸ்பத்திரியிலே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் முகத்தையே நாள்தோறும் படம் பிடித்தார். அவள் அவ்வளவாக அழவில்லை, அடக்கிக்கொண்டாள், நாள் போகப் போகத் தாயைக் கண்டும் முகத்தைத் திருப்பினாள். பேசாமலிருந்த பிள்ளை சுகமாயிருக்கவில்லை, நம்பிக்கையை இழந்துகொண்டிருந்தது என்பதை அந்தப் படம் காட்டிற்று. வைத்தியர்கள் பலர் முதலில் கோபித்தார்கள். ஆனால் 1959ஆம் ஆண்டு, சேர் ஹரி பிளாற் தலைமையில் அமைந்த குழு, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்க அனுமதிக்கவேண்டும், சிறு பிள்ளைகளோடு தாயையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. கப்பர்நாகூம் கரையிலே ஆண்டவர் ஒரு நிமிடத்தில் செய்ததை, கல்வி மிகுந்த ஒரு நாடு ஆராய்ந்து அறிய நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றது!

நம்முடைய ஆஸ்பத்திரிகளிலே, பிள்ளையின் கட்டிலருகில் தாய் இரவும் பகலும் இருப்பதை நாம் காண்கிறோம். கட்டிலின் ஓரத்திலே தலை சாய்த்துத் தூங்குகிறாள். கதிரையிலே விடியும்வரை இருக்கிறாள். இது வசதிக் குறைவு என்று மட்டும் எண்ணவேண்டாம். தாதி ஊசி போடுவாள். வைத்தியர் மருந்து எழுதுவார். பிள்ளையின் அழுகையிலே நோவு எது, பயம் எது என்று பிரித்தறிகிறவள் தாயல்லவா? அவளும் அந்த வைத்தியத்தின் ஒரு பங்கு.

அதுமட்டுமல்ல. பிள்ளைகளின் வாட்டிலே சில நாட்களுக்குள் ஒரு புதிய ஊரே உண்டாகிவிடுகிறது. பாப்பாமோட்டைத் தாய்க்குப் பக்கத்துக் கட்டிலில் அநுராதபுரத்துத் தாய். அதற்கடுத்ததில் புத்தளத்து முஸ்லிம் தாய். ஒருவர் பேச்சு ஒருவருக்கு முழுதும் விளங்காது. ஆனாலும் ஒருத்தி குளிக்கப் போகும்போது மற்றவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். ஒருத்தியின் பிளாஸ்கிலே சுடுதண்ணீர் முடிந்தால் மற்றவள் ஊற்றுகிறாள். இவள் "அக்கா" என்கிறாள். அவள் "நங்கி" என்கிறாள். ஒரு கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்படும்போது, எல்லாத் தாய்மாரும் தங்கள் தங்கள் பாஷையிலே செபிக்கிறார்கள். மேடைகளிலே பேசி உண்டாக்க முடியாத சமாதானத்தை, ஒரு சேலைன் போத்தலின் கீழே தாய்மார் உண்டாக்குகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் தாய்மாரே, அங்கே கண்ட அந்த அயலவர் அன்பை ஊருக்கும் கொண்டு வாருங்கள். வேற்று இனத்தாரைப் பற்றி வீட்டிலே கசப்பாகப் பேச்சு எழும்போது, உங்கள் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆண்டவர் யாரை வெளியே அனுப்பினார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்குள் நாமே கூச்சல் கூட்டமாக நுழைவதுண்டு. "யாருடைய கண் பட்டதோ?" "மடுமாதாவுக்கு நேர்ந்ததைச் செலுத்தாமல் விட்டீர்களாமே?" "தகப்பன் குடிக்கிற வீட்டிலே வேறென்ன நடக்கும்?" ஆறுதல் சொல்ல வந்தவர்கள் போகும்போது தாயின் நெஞ்சிலே ஒரு முள்ளை வைத்துவிட்டுப் போகிறார்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் இதையே கேட்டார்கள்: பாவம் செய்தவன் இவனோ, இவனைப் பெற்றவர்களோ? ஆண்டவர் இரண்டையும் மறுத்தார் (யோவான் 9). ஆண்டவரே மறுத்த கேள்வியை ஒரு தாயின் முன்னிலையிலே கேட்பதற்கு நாம் யார்? பேசத் தெரியாவிட்டால் பேசாமல் இருப்பதும் ஒரு தர்மமே. ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சாப்பிடக் கொடுப்பது

மூன்றாவது காரியம் எல்லாவற்றிலும் எளியது. செத்த பிள்ளை எழுந்து நடக்கிறாள். வீட்டார் மெய்ம்மறந்து நிற்கிறார்கள். அந்த வேளையிலே பிள்ளைக்குப் பசிக்கும் என்று நினைத்தவர் ஆண்டவர் ஒருவரே! புதுமை முடிந்த இடத்திலே பராமரிப்புத் தொடங்குகிறது. அதைத் தாமே செய்யாமல் மற்றவர்களிடம் ஒப்படைக்கிறார்.

ஆஸ்பத்திரியிலே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால், எல்லாம் முடிந்தது என்று அயலவர் நினைக்கிறார்கள். உண்மையில் பல பிள்ளைகளுக்கு நீண்ட பாதை அன்றுதான் தொடங்குகிறது. ருமாற்றிக் காய்ச்சலினால் இருதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகளுக்குப் போடவேண்டியிருக்கும். பிள்ளை நன்றாக ஓடித் திரிகிறதே என்று நிறுத்திவிட்டால், காய்ச்சல் மறுபடி வந்து இருதயத்தை மேலும் கெடுக்கும். வலிப்புள்ள பிள்ளைக்கு, வலிப்பு வராத மாதங்களிலும் குளிசை கொடுக்கவேண்டும். வைத்தியரைக் கேளாமல் நிறுத்துவது ஆபத்து. தலசீமியா என்னும் இரத்த நோயுடைய பிள்ளைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றினாற்றான் வாழ்வு. அந்த இரத்தம் கடையிலே விற்பதில்லை. யாரோ ஒருவருடைய நரம்பிலிருந்து வரவேண்டும்.

ஆகவே, கிளினிக் நாள் எது என்று கேட்டு நினைவூட்டுகிற ஒரு மாமா, மோட்டார் சைக்கிளிலே ஏற்றிக்கொண்டு போகிற ஓர் அண்ணன், மற்றப் பிள்ளைகளைத் தன் வீட்டுப் பாயிலே படுக்க வைக்கிற ஒரு பெரியம்மா, தவறிய பாடங்களை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிற ஓர் ஆசிரியை, வருடத்திலே இரண்டு முறை இரத்தம் கொடுக்கிற வாலிபர்கள், இவர்களெல்லாம் ஆண்டவருடைய அந்தக் கட்டளையை நிறைவேற்றுகிறவர்கள். நோயுற்ற பிள்ளையின் அண்ணன் தம்பிகளையும் மறந்துவிடாதீர்கள். தாய் ஆஸ்பத்திரியிலே, தகப்பன் அலைச்சலிலே, எல்லாரும் தம்பியைப் பற்றியே கேட்கிறார்கள். மூத்தவன் சாப்பிட்டானா என்று கேட்க ஒருவரும் இல்லை. அவனிடமும் கேளுங்கள்.

நேர்த்திக்கடன்

பிள்ளைக்குச் சுகமில்லை என்றவுடன் நமது தாய்மார் மடுமாதாவை நோக்கிக் கைகூப்புகிறார்கள். நல்லது, தாயிடம் தாய் போகாமல் வேறு யாரிடம் போவது? ஆனால் மாதாவிடம் போவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பின்போடுவது பக்தியன்று. சீராக்கின் நூல் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வைத்தியரை மதிக்கும்படியும், மருந்து பூமியிலிருந்து ஆண்டவர் உண்டாக்கியது என்றும், நோயாளி செபிக்கவும் வேண்டும், வைத்தியருக்கு இடங்கொடுக்கவும் வேண்டும் என்றும் அது போதிக்கிறது. நமது வன்னிப் பெருநிலத்திலே பிள்ளைகளை வாரிக்கொண்டு போன மலேரியா இல்லாத நாடு என்று 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. இளம்பிள்ளை வாதம் 1993ஆம் ஆண்டுக்குப் பிறகு இங்கே ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. வீடு வீடாக வந்து இரத்தம் எடுத்துச் சோதித்தவர்களையும், சொட்டு மருந்து கொடுத்தவர்களையும் நமது பாட்டிமாரின் செபங்களுக்கு ஆண்டவர் அனுப்பிய பதில் என்று சொன்னால் தவறா?

நேர்த்திக்கடனைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவிலே டனி தோமஸ் என்ற நடிகர் இருந்தார். லெபனானிலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தவர். தொழில் இல்லாமல், பிள்ளை பிறக்கப்போகும் வேளையிலே கையில் காசில்லாமல் தவித்தபோது, புனித யூதாததேயுவிடம் ஒரு நேர்த்தி வைத்தார்: எனக்கு வழி காட்டும், உமக்கு ஓர் ஆலயம் எழுப்புவேன் என்று. வழி பிறந்தது, புகழும் வந்தது. அவர் எழுப்பிய ஆலயம் எது தெரியுமா? 1962ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரிலே திறக்கப்பட்ட சிறுவர் ஆஸ்பத்திரி! அங்கே எந்தப் பெற்றோரிடமும் வைத்தியத்துக்குப் பணம் கேட்பதில்லை. அது திறக்கப்பட்ட காலத்தில், பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் வகை இரத்தப் புற்றுநோயிலே 100 பேருக்கு ஏறத்தாழ 4 பேரே பிழைத்தார்கள். இன்று அங்கே 90க்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். மெழுகுதிரியாகத் தொடங்கிய நேர்த்தி வைத்தியமாக முடிந்தது.

நாம் மெம்பிஸிலே ஆஸ்பத்திரி கட்டப்போவதில்லை. ஆனால் ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் மடுவுக்குப் போகிறவர்கள், தங்கள் பிள்ளை சுகமானதற்கு நன்றியாக, இன்னொரு பிள்ளையின் கொழும்புப் பயணச் செலவை நேர்த்தியாக வைக்கலாம் அல்லவா? மாதா அதை மறுப்பாளா?

பணம் உள்ளவருக்கு மட்டும் உரிய காரியம் இது என்றும் எண்ணவேண்டாம். உரோமாபுரியிலே இன்று பாப்பரசரின் ஆஸ்பத்திரி என்று அழைக்கப்படும் குழந்தை இயேசு ஆஸ்பத்திரி எப்படித் தொடங்கிற்று? 1869ஆம் ஆண்டு சல்வியாத்தி என்ற பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள், தாய்க்குப் பரிசாகத் தங்கள் உண்டியலைக் கொடுத்து, நோயுற்ற ஏழைப் பிள்ளைகளுக்கு இதைச் செலவிடுங்கள் என்றார்கள். நான்கு கட்டில்களோடு ஓர் அறை. பணிவிடை செய்ய வின்சென்ற் தே போல் அர்ச்சியசிட்டரின் கன்னியர்கள். 1924ஆம் ஆண்டு அந்தக் குடும்பம் அதைத் திருச்சபைக்குக் கையளித்தது. பாப்பரசர் இருபத்துமூன்றாம் யோவான், 1958ஆம் ஆண்டு தாம் பாப்பரசராகக் கொண்டாடிய முதல் நத்தார் நாளிலே தேடிச் சென்றது அங்கே கிடந்த பிள்ளைகளைத்தான். நமது மறைக்கல்விப் பிள்ளைகள் தபசுகாலத்திலே சேர்க்கும் சில்லறைக்கும் அப்படி ஒரு பாதை இருக்கட்டும். நோயைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பயங்காட்டுவதை விட, நோயுற்ற தோழனுக்கு உதவக் கற்றுக்கொடுப்பது மேல்.

எழுந்திராத பிள்ளை

அன்பர்களே, ஒரு காரியத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. யாயீரின் மகள் எழுந்தாள். எல்லாப் பிள்ளைகளும் எழுவதில்லை. அதே விசுவாசத்தோடு விழுந்து வணங்கிய தகப்பன்மார், அதே கண்ணீரோடு செபமாலை சொன்ன தாய்மார், வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒரு சிறிய பெட்டியை வானிலே ஏற்றிக்கொண்டு மதவாச்சி வழியாக இரவோடிரவாக மன்னாருக்கு வரும் அந்தப் பயணத்தைவிட நீளமான பாதை இந்த நாட்டிலே இல்லை.

அவர்களுக்கு நாம் என்ன சொல்லுவது? "ஆண்டவர் தமது தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார்" என்று சொல்லாதீர்கள். தாயின் மடியிலிருந்து பூப்பறிக்கிற தேவனைச் சுவிசேஷத்திலே நான் காணவில்லை. லாசருவின் கல்லறையிலே அழுத ஆண்டவரைக் காண்கிறேன். "உங்கள் விசுவாசம் போதாது" என்றும் சொல்லாதீர்கள். சிலுவையடியிலே நின்ற மாதாவின் விசுவாசம் போதாமலா அவளுடைய மகன் மரித்தார்? ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லேகேம் குழந்தைகளின் தாய்மாரைப் பற்றி மத்தேயு எழுதும்போது, அவர்கள் ஆறுதல் பெற விரும்பவில்லை என்ற தீர்க்கதரிசியின் வாக்கையே எடுத்துக் காட்டுகிறார். அதைக் குற்றமென்று அவர் எழுதவில்லை. வேதாகமமே அந்த அழுகைக்கு இடங்கொடுத்திருக்க, நாம் ஏன் அதை அவசரப்பட்டு அடக்குகிறோம்? பிள்ளை ஆண்டவரிடம் இருக்கிறது. ஒருநாள் முகமுகமாகக் காண்போம். இது நமது விசுவாசம். ஆனால் உயிர்ப்பின் நம்பிக்கை அழுகையைத் தடுக்கும் அணையன்று; அழுகிறவர் மூழ்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும் கயிறு.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு ஊரே வருகிறது, சாப்பாடு நடக்கிறது. முப்பத்திரண்டாம் நாள் அந்த வீட்டு வாசலிலே யாருடைய செருப்பு கிடக்கிறது? அன்று போங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் தாய் அழுவாள் என்று பயந்து ஒருவரும் சொல்லாமல் விடும்போது, அந்தப் பிள்ளை இரண்டாம் முறையும் சாகிறது.

இறுதியாக, பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பிள்ளையைத் தூர இடத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது பங்குத்தந்தைக்கு அறிவியுங்கள். அவர் அந்த இடத்துக் குருவானவருக்குச் சொல்லி வைப்பார். தமிழிலே ஒரு வார்த்தை பேசவும், கோயிலைக் காட்டவும் ஓர் ஆள் கிடைக்கும். நோயிற்பூசுதல் முதியவர்களுக்கு மட்டும் உரியதன்று; புத்தி விபரம் அறிந்த பிள்ளைக்கும் அது உரியது, சாகும் தறுவாயிலே மட்டும் கேட்கவேண்டியதும் அன்று. மரண ஆபத்திலே உள்ள பச்சைக் குழந்தைக்கும் குருவானவர் உறுதிப்பூசுதல் கொடுக்கலாம். ஞானஸ்நானம் பெறாத குழந்தை ஆபத்தில் இருந்தால், குருவானவருக்காகக் காத்திராமல், தண்ணீரை ஊற்றிப் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தாதியாய் இருக்கும் நமது சகோதரிகள் இதை நன்றாக அறிந்திருக்கட்டும்.

பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு பூசை முடிந்தபின், வின்சென்ற் தே போல் சபையாரும் மரியாயின் சேனையாரும் மாதர் சங்கத்தாரும் ஒரு நாழிகை கூடியிருந்து, நமது பங்கிலே நோயுற்ற பிள்ளைகள் உள்ள வீடுகள் எவை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கத்தோலிக்க வீடு மட்டும் என்று எல்லை போடவேண்டாம். ஆண்டவருடைய காலில் விழுந்த கானானேயப் பெண்ணும் நம்மவள் அல்லள், அவளுடைய மகளும் சுகமானாள். எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கூட நடப்பவர் யார், வீட்டைப் பார்ப்பவர் யார், சோறு கொண்டு போகிறவர் யார் என்று மூன்று பெயர்களை எழுதுங்கள். மூன்று பெயர் கிடைக்காத வீடு ஒன்று இருந்தால், பங்குத்தந்தையின் பெயரையும் அதிலே எழுதிவிடுங்கள்.

குழந்தைகளைக் கிட்டச் சேர்த்து அணைத்து ஆசீர்வதித்த ஆண்டவர், இன்றிரவு ஆஸ்பத்திரிக் கட்டில்களிலே கண்விழித்திருக்கும் நமது பிள்ளைகளையும், அவர்களின் அருகிலே கதிரைகளில் இருக்கும் தாய்மாரையும், வாசலுக்கு வெளியே நிற்கும் தகப்பன்மாரையும் தமது கரத்தினால் தொட்டருள்வாராக. ஆமென்.